நம்ம பொம்பளைக்கு ஒண்ணும் ஆவாது: காட்டுராசாவைப் பெற்றவளை மறுபடி வாசித்தல்

பாமாவின் ‘சங்கதி’ 1994இல் வெளிவந்தது. அதில் காட்டுராசா என்று ஒருவன் வருகிறான். அந்தப் பேர் வந்த கதை சின்னது. மாட்டுக்குப் புல்லறுக்கப் போன நிறைமாசக்காரிக்குக் காட்டிலேயே வலி கண்டுவிடுகிறது. துணைக்கு ஆளில்லை. தானே பெற்று, புல்லறுத்த அரிவாளாலேயே கொடியை அறுத்து, குழி தோண்டி நஞ்சுக்கொடியைப் புதைத்துவிட்டு, பிள்ளையையும் புல்லுக்கட்டையும் சேர்த்துச் சுமந்துகொண்டு வீடு வந்து சேர்கிறாள். காட்டில் பிறந்தவன் காட்டுராசா ஆகிறான்.

இந்த இடத்தை எத்தனையோ கூட்டங்களில் சொல்லக் கேட்டிருக்கிறேன். சொல்லி முடித்ததும் கைதட்டல் கேட்கும். தலித் பெண்ணின் வலிமை, உழைக்கும் உடம்பின் கலகம், மேல்சாதிப் பெண்ணின் பூஞ்சை உடம்புக்கு எதிரான மாற்று உடல் என்றெல்லாம் நம் விமர்சகர்கள் எழுதினார்கள். குற்றம் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. நானும் மேடையில் அப்படித்தான் பேசினேன், நானும் கைதட்டினேன். இந்தக் கட்டுரை அந்தக் கைதட்டலுக்கு எதிராக எழுதப்படுகிறது. பாமாவுக்கு எதிராக இல்லை என்பதைப் போகப்போகச் சொல்கிறேன்.

1

சாத்தான்குளத்துக்குத் தெற்கே, செம்மண் தேரி தொடங்குகிற பக்கத்தில் எங்க ஊர். ஊர் வேறே, எங்க தெரு வேறே. ஊருக்குள் பேறுகாலம் பார்க்க நாவிதர் வீட்டு மருத்துவச்சி போவாள். அவள் எங்க தெருவுக்கு வரமாட்டாள். பேறுகாலத் துணி வெளுக்க ஊருக்கு ஒரு வண்ணார், எங்களுக்குப் புதிரை வண்ணார். பிள்ளை தலைகாட்டுகிற நிமிசத்திலேயே எந்தக் கை படலாம், எந்தக் கை படக்கூடாது என்று சாதி தீர்மானித்து வைத்திருந்தது. எங்க தெருவுக்கு எங்க ஆச்சி கைதான். என்னையும் அந்தக் கைதான் வாங்கியது.

1995 ஐப்பசி மாசம். எங்க மைனிக்கு எட்டாம் மாசம், தலைப்பிள்ளை. பத்தொன்பது வயசு. கால் வீங்கி, விரலால் அமுக்கினால் குழி விழுந்து அப்படியே நிற்கும். பிறகு கையும் முகமும் உப்பின. “பிள்ளத்தாச்சின்னா நீரு எறங்கத்தான் செய்யும்” என்று ஆச்சி சீரகத்தண்ணி வைத்துக் கொடுத்தாள். மைனி களைவெட்டுக்குப் போய்க்கொண்டுதான் இருந்தாள். மூணு நாளாத் தலை இடிக்கி என்றாள். கண்ணு முன்னால பூச்சி பறக்க மாதிரி இருக்கு என்றாள். அதுக்கு ஆச்சி சொன்ன பதில் இன்னும் என் காதிலேயே கிடக்கிறது:

“நம்ம பொம்பளைக்கு ஒண்ணும் ஆவாதுட்டி. ஒன் மாமனாரப் பெத்த அன்னைக்கு மத்தியானம் வரைக்கும் நான் நாத்து நட்டேன்.”

நாலாம் நாள் ராத்திரி மைனிக்குக் கைகால் இழுத்தது. பல் கிட்டி நாக்கைக் கடித்துக்கொண்டாள். தெருவே கூடி “இசக்கி பிடிச்சிட்டு” என்றது. விறகு பொறுக்கப் போனவள் அந்தி நேரத்தில் இசக்கி நிற்கிற மரத்தடி வழியாக வந்தாளாம். கோடாங்கி வந்தார், வேப்பங்குழையால் அடித்தார். திரும்ப இழுத்தது. ஊருக்குள் கார் வைத்திருந்தவர் கதவைத் திறக்கவில்லை. விடியக்காலை முதல் பஸ்ஸில் இரண்டு பேர் மடியில் கிடத்திக் கொண்டுபோனோம். அங்கே இருந்த அம்மா எங்களைப் பார்த்ததும் சொன்னது, “இப்பத்தான் கொண்டு வாறீங்களா? உங்க ஆட்களுக்கு இதே வேலையாப் போச்சு.” மத்தியானத்துக்குள் மைனி போய்விட்டாள். பிள்ளையும் வயிற்றுக்குள்ளேயே போய்விட்டது. பிரஷர் பார்க்கிற பட்டையை அவள் கையில் சுற்றியது அன்றைக்குத்தான் முதல் தடவை. மாசாமாசம் வருகிற நர்சம்மா ஊர்ப் பள்ளிக்கூடத் திண்ணை வரைக்கும் வருவாள். எங்க தெருவுக்குள் கால் வைத்ததில்லை.

மைனிக்கு வந்ததை டாக்டர்கள் எக்லாம்ப்சியா என்கிறார்கள். தமிழில் சூல்வலிப்பு. இருபது வாரத்துக்குப் பிறகு இரத்த அழுத்தம் 140க்கு 90ஐத் தொட்டு, மூத்திரத்தில் புரதம் இறங்கினால் அது அதற்கு முந்தின நிலை. கடுமையான தலைவலி, கண் மங்கல், முகமும் கையும் வீங்குதல், மேல்வயிற்று வலி என்று அது வாய்விட்டுச் சொல்லிக்கொண்டுதான் வரும். கையில் பட்டை சுற்றி இரத்த அழுத்தம் பார்க்கிற கருவியை இத்தாலிக்காரர் ரிவா ரோச்சி 1896இல் செய்துவிட்டார். எங்க தெருவுக்கு அது வர 99 வருசம் போதவில்லை. மைனி செத்த அதே 1995இல்தான், இந்தியப் பெண்களையும் சேர்த்து ஒன்பது நாடுகளில் நடந்த ஆய்வு லான்செட் இதழில் வந்தது. இந்த வலிப்புக்கு மற்ற மருந்துகளைவிட மக்னீசியம் சல்ஃபேட்தான் நல்லது என்று அது உறுதி செய்தது. விலை மலிந்த மருந்து, பேதி உப்பு என்று நாம் சொல்கிற அதே சாமான். இசக்கிக்கு அடித்த வேப்பங்குழையைவிட அது ஒன்றும் கிடைக்காத பொருளில்லை.

2

அந்த ஒரு வாக்கியத்தை இனி விமர்சனமாகப் பார்க்கலாம். ‘நம்ம பொம்பளைக்கு ஒண்ணும் ஆவாது.’ இதை முதலில் சொன்னது எங்க ஆச்சி அல்ல. வயக்காட்டுக்காரர் சொன்னார்: “அவளுவளுக்கு என்ன, வரப்புல பெத்துப் போட்டுட்டு வந்து மிச்ச நாத்தையும் நட்டுருவாளுவ.” அவர் வாயில் அது கூலி மிச்சம் பிடிக்கிற கணக்கு. நிறைமாசக்காரிக்கு லீவும் வேண்டாம், நிழலும் வேண்டாம், கஞ்சியும் கூட ஊற்ற வேண்டாம். பிரசவ வார்டில் வேறு மாதிரிச் சொன்னார்கள்: “நீங்கள்லாம் தாங்குவீங்க, சத்தம் போடாதே.” அங்கே அது வலியைக் கவனிக்காமல் விடுவதற்கான அனுமதி. எங்க தெருவில் அதுவே பெருமையாயிற்று. வேறு எதுவும் கையில் இல்லாதவர்கள் உடம்பையாவது சொத்து என்று சொல்லிக்கொண்டோம். கடைசியில் அது விமர்சகர் கைக்கு வந்து ‘மாற்று உடல்’ ஆயிற்று.

நாலு வாயிலும் ஒரே சங்கதிதான். அவளுக்கு எதுவும் கொடுக்க வேண்டியதில்லை என்பதுதான் அது. பேறுகாலப் பயன் சட்டம் 1961இல் வந்தது. 2017இல் அந்த விடுப்பை 26 வாரமாக ஆக்கினார்கள். நல்ல காரியம். அந்த 26 வாரத்தில் முருங்கைத் தோட்டத்துக் கூலிக்காரிக்கு எத்தனை நாள்? ஒரு நாளும் இல்லை. முத்துலட்சுமி ரெட்டி பேரில் உள்ள மகப்பேறு உதவி 1987இல் 300 ரூபாயில் தொடங்கியது, 2006இல் 6,000, 2011இல் 12,000 என்று ஏறி, பிறகு சத்துணவுப் பெட்டகமும் சேர்த்து 18,000 ஆயிற்று. இந்தப் பணம் தவணை தவணையாக வந்து சேர்கிறவரை அவள் குனிந்து களை பிடுங்கிக்கொண்டுதான் இருக்க வேண்டும். ‘வலிமை’ என்று நாம் எழுதினது இந்தக் குனிந்த முதுகைத்தான்.

3

இப்போது ‘சங்கதி’க்குத் திரும்புகிறேன். அதில் வெள்ளையம்மா பாட்டி ஊரெல்லாம் பேறுகாலம் பார்க்கிறவள். மேல்சாதிக்காரர் மட்டும் அவளைக் கூப்பிடுவதில்லை, பறச்சி என்பதனால். மைனி செத்த மறுவருசம்தான் இந்தப் புத்தகம் என் கைக்கு வந்தது. பாட்டியைக் கண்டதும் எங்க ஆச்சியைக் கண்ட மாதிரி இருந்தது. தமிழ் நாவலுக்குள் எங்க ஆச்சி காலை நீட்டிப்போட்டு உட்கார்ந்திருக்கிறாள் என்ற சந்தோசத்தில் மற்றதைப் பார்க்கவில்லை.

மற்றது என்ன? காட்டுராசாவின் பிறப்பு அந்தப் பாட்டி வழியாகத்தான் நமக்கு வந்து சேர்கிறது. பிழைத்தவளின் கதையைத்தான் பாட்டி சொல்ல முடியும். காட்டில் தனியாகப் பெற்று, கொடி அறுத்து, நஞ்சுக்கொடி முழுசாக விழாமல், இரத்தம் நிற்காமல் புல்லுக்கட்டுப் பக்கத்திலேயே கிடந்து செத்தவள் பிள்ளைக்குப் பேர் வைக்க வரமாட்டாள். துருப்பிடித்த அரிவாளால் கொடி அறுபட்டு, ஏழெட்டு நாளில் வாய் பூட்டி, உடம்பு வில்லாய் வளைந்து செத்த பச்சைப்பிள்ளைக்குக் காட்டுராசா என்று பேர் இருக்காது, பேரே இருக்காது. ஒரு காட்டுராசா கதையாக நின்றான் என்றால் கதையாகாமல் போனவர்கள் எத்தனை பேர் என்று கேட்கிறவன்தான் விமர்சகன். நாம் கேட்கவில்லை.

பாமா கேட்டிருக்கிறார். அதே புத்தகத்தில் இசக்கி கதையும் வருகிறது. சாதி மாறிக் கட்டிக்கொண்டு போன தங்கச்சியை நிறைசூலியாக இருக்கும்போது கூடப்பிறந்தவர்களே கொன்று போட, அவள் பேயாகிறாள். ஏன் நம்ம தெருப் பெண்களை மட்டும் பேய் பிடிக்கிறது என்ற கேள்வியும் வருகிறது. காட்டிலும் வேலை, வீட்டிலும் வேலை, ராத்திரியிலும் ஓய்வில்லை, அடி வேறே. இந்த உடம்பு வேறெப்படித்தான் கத்தும் என்கிற திசையில் பாமா போகிறார். காட்டுராசாவைப் பெற்றவளையும் பேய் பிடித்தவளையும் ஒரே புத்தகத்தில் வைத்தது சும்மா இல்லை. ஒருத்தி தாங்கினாள், இன்னொருத்தி தாங்க முடியாமல் விழுந்தாள். இரண்டு பேர் மேலும் ஏற்றின சுமை ஒன்றுதான். நாம் முதல் பக்கத்தைப் பாராட்டி, இரண்டாவதை நாட்டார் வழக்காறு என்று ஒதுக்கினோம். பாமா எழுதியது குற்றப்பத்திரிகை. நாம் அதைப் பாராட்டுப் பத்திரமாக வாசித்தோம்.

எங்க பக்கத்து இசக்கியும் இதைத்தான் சொல்லிக்கொண்டு நிற்கிறாள். தெற்கத்திச் சீமையில் மண்ணில் செய்த இசக்கி கையில் ஒரு பிள்ளை, வாயில் ஒரு பிள்ளை வைத்திருப்பாள். பிள்ளை வேண்டியும் சுகப்பேறு வேண்டியும் பெண்கள் தொட்டில் கட்டுவார்கள். பேறுகாலத்தில் பெண் சாவது எவ்வளவு சாதாரணமாக இருந்திருந்தால் இப்படி ஒரு சாமி ஊருக்கு ஊர் தேவைப்பட்டிருக்கும்? அந்தச் சாமியை நான் பழிக்கவில்லை. வலிப்பு கண்டவள் மேல் அவள் பேரைப் போட்டுவிட்டு, பிரஷர் பட்டை வராத தெருவைப் பற்றிப் பேசாமல் இருந்தோமே, அதைச் சொல்கிறேன்.

4

அடுத்தது இரத்தம். வலிப்பு கண்ணுக்குத் தெரியும், இரத்தசோகை தெரியாது. “வெளிறிப்போயிருக்கா, பிள்ள சிவப்பாப் பொறக்கும்” என்று சிரிப்பார்கள். கர்ப்பிணிக்கு ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் கீழே இறங்கினால் இரத்தசோகை, 7க்குக் கீழே போனால் ஆபத்து. பேறுகாலத்தில் அரை லிட்டர் இரத்தம் போனாலே அதிகம் என்று கணக்கு. நல்ல இரத்தம் உள்ளவள் அதைத் தாங்கிக்கொள்வாள். ஏற்கெனவே பாதி இரத்தத்தோடு படுக்கிறவளுக்கு அதே அரை லிட்டர் உயிர்.

இது தலையெழுத்தில்லை, சாப்பாடு என்பது நேற்றுக் கண்டுபிடித்ததுமில்லை. லூசி வில்ஸ் என்கிற ஆங்கிலேய டாக்டரம்மா 1928இல் பம்பாய்க்கு வந்து, பஞ்சாலையில் உழைத்த ஏழைக் கர்ப்பிணிகளின் சோகையை ஆராய்ந்தார். ஈஸ்ட்டிலிருந்து எடுத்த மார்மைட் என்ற மலிவான பண்டம் அதைக் குணப்படுத்துவதைக் கண்டு 1931இல் எழுதினார். அதற்குள் இருந்தது ஃபோலிக் அமிலம் என்று பிறகு தெரிந்தது. இன்றைக்கு உலகத்துக் கர்ப்பிணிகள் விழுங்குகிற மாத்திரைக்குள் பம்பாய்க் கூலிக்காரிகளின் இரத்தம் இருக்கிறது. அவர்கள் பேர் எந்தப் புத்தகத்திலும் இல்லை. அதே 1931இல் லூசி வில்ஸ் சென்னையிலும் வேலை பார்த்தார். எந்த ஆஸ்பத்திரியில்? ‘சாதிப் பெண்கள், கோஷாப் பெண்கள்’ என்று பேரிலேயே எழுதி வைத்திருந்த ஆஸ்பத்திரியில். 1885இல் மேரி ஷார்லிப் தொடங்கியது. இன்றைக்குக் கஸ்தூர்பா காந்தி பேரில் திருவல்லிக்கேணியில் இருக்கிறது. சனங்கள் இன்னும் கோஷா ஆஸ்பத்திரி என்றுதான் சொல்கிறார்கள். பேரில் கோஷா மட்டும் வாயில் நின்றுவிட்டது, சாதி உதிர்ந்துவிட்டது. பேரிலிருந்து உதிர்ந்தது வார்டிலிருந்தும் உதிர்ந்ததா என்பதை அவரவர் வீட்டுப் பெண்களிடம் கேட்டுக்கொள்ளலாம்.

2019–21இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுக்கு இரண்டு எண் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் நடந்த பிரசவம் 99.6 சதவீதம். இரத்தசோகை உள்ள கர்ப்பிணிகள் 48.3 சதவீதம். முந்தின கணக்கெடுப்பில் இது 44.4. காட்டுராசாவைப் பெற்றவளைக் காட்டிலிருந்து கட்டிலுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். அது பெரிய சாதனை, அதைச் சின்னதாக்க மாட்டேன். ஆனால் காட்டில் புல்லறுத்த உடம்பு அப்படியேதான் கட்டிலில் ஏறுகிறது. முருங்கைக்கீரை சாப்பிடுங்க என்று அறிவுரை சொல்கிறார்கள். சாத்தான்குளம் சுற்றுவட்டாரத்தில் முருங்கைக்குப் பஞ்சமில்லை. அதைப் பறித்துக் கட்டி லாரியில் ஏற்றிவிடுகிறவளுக்கு உட்கார்ந்து கீரை ஆய நேரம் எங்கே இருக்கிறது? இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கிறார்கள். குமட்டும், மலம் கறுக்கும், பயந்துபோய்க் கூரையில் செருகிவிடுவார்கள். கறுத்தால் பயமில்லை, டீயோடு விழுங்காதே, டீ இரும்பை உடம்பில் ஒட்டவிடாது என்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் தெருவுக்குள் வர வேண்டும்.

வராமல் போனால் கடைசியில் மிஞ்சுவது இரத்தம் ஏற்றுவது. 2018 டிசம்பரில் சாத்தூர் அரசு மருத்துவமனையில் ஒரு கர்ப்பிணிக்கு இரத்தசோகைக்காக ஏற்றிய இரத்தத்தில் எச்.ஐ.வி. இருந்தது. சிவகாசி அரசு இரத்த வங்கியிலிருந்து வந்த இரத்தம். கொடுத்த இளைஞருக்கே தனக்குத் தொற்று இருப்பது அப்போது தெரியாது. தெரிந்ததும் அவரே போய்ச் சொன்னார். பிறகு விஷம் குடித்து இறந்துபோனார். 2019இல் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அந்தப் பெண்ணுக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. அந்தப் பெண் என்ன சாதி என்பது இங்கே எனக்கு வேண்டாம். பத்திரிகைகள் பாதி நாள் இரத்த வங்கியைப் பற்றி எழுதின. அவளுக்கு இரத்தம் ஏன் குறைந்தது என்று ஒருவரும் கேட்டு நான் வாசிக்கவில்லை.

5

‘சங்கதி’ வந்த 1994இலேயே வேறு இரண்டு காரியங்களும் நடந்தன. சீரீன் தத்தியஸ், டெபோரா மெய்ன் என்ற இரண்டு பெண்கள், பேறுகாலத்தில் பெண்கள் சாவதை மூன்று தாமதங்களாகப் பிரித்து ஒரு கட்டுரை எழுதினார்கள். போகலாம் என்று முடிவெடுப்பதில் தாமதம், போய்ச் சேர்வதில் தாமதம், போன இடத்தில் கவனிப்பதில் தாமதம். அதே வருசம் தமிழ்நாடு தாய்மரணத் தணிக்கையைத் தொடங்கியது. செத்தவள் வீட்டுக்கே போய், என்றைக்கு என்ன செய்தது, யாரிடம் காட்டினீர்கள், எத்தனை மணிக்குக் கிளம்பினீர்கள் என்று கேட்டு எழுதுகிற முறை. இந்த வேலையும் சேர்ந்துதான் 2018–20இல் ஒரு லட்சம் பிரசவத்துக்கு 54 தாய்மரணம் என்ற இடத்துக்குத் தமிழ்நாட்டைக் கொண்டுவந்தது. அப்போது இந்தியாவுக்கு 97.

எங்க மைனியை அந்த மூன்று தாமதத்தில் வைத்துப் பார்க்கிறேன். முதல் தாமதம் ஆச்சியின் வாக்கியம். இரண்டாவது திறக்காத கார்க் கதவு. மூன்றாவது, “உங்க ஆட்களுக்கு இதே வேலை.” மூன்றிலும் சாதி இருக்கிறது. முதலாவதில் அது நம்ம வாயாலேயே பேசுகிறது, அதுதான் வேதனை. சாத்தான்குளம் என்றால் இன்றைக்கு எல்லாருக்கும் 2020 ஜூன் மாசத்துப் போலீஸ் ஸ்டேஷன் ஞாபகம் வரும். அங்கே அடிபட்டுச் செத்த தகப்பனுக்கும் மகனுக்கும் நாடே நியாயம் கேட்டது, கேட்கவும் வேண்டும். எட்டாம் மாசத்தில் வாய் திறந்து மூணு நாள் சொல்லிவிட்டுச் செத்தவளுக்குக் கேட்க ஆளில்லை. எங்க வீட்டுக்குத் தணிக்கைக்கு யாரும் வரவில்லை.

தலித் இலக்கியம் அந்தத் தணிக்கையைச் செய்ய முடியும். வலி கண்ட ராத்திரியை நாம் நிறைய எழுதிவிட்டோம். அதற்கு முந்தின எட்டு மாசத்தை எழுதவில்லை. தலைவலி, கண் மங்கல், படியேறினால் இரைப்பு, துணியில் ஒரு சொட்டு இரத்தம், பிள்ளை துடிப்பது குறைவது, காய்ச்சல் என்று உடம்பு பேசுகிற ஒவ்வொன்றும் ஒரு சங்கதி. அதைக் கேட்டதும் 108க்குப் போன் போடுகிறவளும் நம்ம கதைக்குள் வரட்டும். அவள் காட்டுராசாவின் தாயைவிட வீரம் குறைந்தவள் இல்லை.

எங்க பக்கத்துப் பழைய பாதைகளில் சுமைதாங்கிக் கல் நிற்கும். வயிற்றுப் பிள்ளையோடு செத்தவளுக்காக நட்டது. கருப்பட்டிச் சிப்பமும் விறகுக்கட்டும் சுமந்து வருகிறவர்கள் அதில் இறக்கி வைத்து மூச்சு வாங்கினால், சுமையோடு போனவளின் ஆத்துமாவுக்கு ஆறுதலாம். இருந்தபோது அவள் தலையிலிருந்து ஒரு கட்டு விறகை யாரும் இறக்கவில்லை. மைனிக்கு நாங்கள் கல்லும் நடவில்லை. பாதை எங்களுடையது இல்லையே.

ஆச்சி அதுக்குப் பிறகு பதினோரு வருசம் இருந்தாள். மைனியைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசிக் கேட்டதில்லை. ஆனால் எந்தப் பிள்ளத்தாச்சி வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்தாலும், வயிற்றைத் தொடுவதற்கு முன்னால், “தல வலிக்காட்டி? கண்ணு நல்லாத் தெரியா?” என்று கேட்பாள். ஆமா என்று ஒருத்தி சொல்லிவிட்டால் எழுந்து சேலைத் தலைப்பை உதறிக்கொண்டு தானே கூட்டிக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விடுவாள். நம்ம பொம்பளைக்கு ஒண்ணும் ஆவாது என்று அவள் மறுபடி சொல்லவேயில்லை. எழுதப்படிக்கத் தெரியாத அவள் விட்டுவிட்ட வாக்கியத்தை நாம் இன்னும் கட்டுரைகளில் வைத்திருக்கிறோம்.